கையுறைக்குள் இருந்தவள்

"ஒரு வீட்டுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கணும். ஆனா நீ அங்க இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. உன்னால முடியுமா?"

நேர்முகத் தேர்வில் எஸ்தர் மிஸ் கேட்ட கேள்வி இது. வாயால் கேட்கவில்லை, கையால் கேட்டாள். மாரிக்கனி பிறவியிலேயே காது கேளாதவள். மிஸ்ஸுக்குக் காது நன்றாகக் கேட்கும், சைகை மொழியும் தண்ணீர் பட்ட பாடு.

கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுல பொறந்ததுல இருந்து அந்த வேலையத்தான் மிஸ் பாக்குறேன்" என்று கையாலேயே சொன்னாள்.

பொய் இல்லை. அண்ணனுக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்ததே, வாசலில் பந்தக்கால் நட்ட அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். டிவி முன்னால் உட்கார்ந்து எல்லாரும் இவள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். இவள் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். "என்ன பேசுறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பெறகு சொல்லுதேன்" என்பாள் அம்மா. அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை.

வேலை கிடைத்துவிட்டது.

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில், கல்யாணம் நடக்காமல் பூட்டிக் கிடந்த மண்டபம் ஒன்றைக் கம்பெனி வாடகைக்குப் பிடித்து, 'மாற்றுத் திறனாளிகளுக்கான தொலைப்பணிப் பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டியிருந்தது. மணமேடையில் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பதிலாக வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெரிய கண்ணாடி, தோள்வரை ஏறும் ஒரு ஜோடி கையுறை. கண்ணாடியை மாட்டினால் இந்த மண்டபம் மறைந்து, எங்கோ ஓர் ஊரில் நிற்கும் இயந்திரத்தின் பார்வை வரும். கையுறைக்குள் விரலை அசைத்தால் அங்கே அதன் விரல் அசையும். அது சூடான பாத்திரத்தைத் தொட்டால் இங்கே விரல்நுனி சுடும்.

அந்த இயந்திரத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் 'துணை'. இடுப்புக்குக் கீழே சக்கரம், மேலே இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு கறுப்பு உருண்டை. வாய் கிடையாது.

முதலில் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்ற துணையை வைத்துப் பழகினார்கள். கனி உடைத்த டம்ளர்களுக்குக் கணக்கில்லை. பிறகு கை படிந்துவிட்டது. காப்பியைச் சிந்தாமல் ஆற்றினாள், சேலையைக் கொசுவம் கலையாமல் மடித்தாள், மாத்திரை அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். பக்கத்து நாற்காலியில் சங்கிலிப்பாண்டி. எட்டயபுரம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவன். காலுக்கும் சேர்த்து வாய் வேலை செய்தது. கனியிடம் பேச வேண்டும் என்பதற்காகவே சைகை கற்றுக்கொண்டான். கெட்ட வார்த்தைகளிலிருந்து ஆரம்பித்தான் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் டீ நேரத்தில் கனி எஸ்தர் மிஸ்ஸிடம் கேட்டாள். "காது கேக்காதவங்கள மட்டும் வீட்டு வேலைக்கு அனுப்புறீங்க. சங்கிலிய ஏன் குடோனுக்கு அனுப்புறீங்க?"

மிஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "கம்பெனி வாடிக்கையாளர்கிட்ட என்ன சொல்லி விக்குது தெரியுமா? இதுக்குள்ள ஆளே கிடையாது, எல்லாம் மெஷின் மூளைன்னு. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எவன் படுக்கையறைக்குள்ள விடுவான்? நாளைக்கே விஷயம் வெளிய வந்தாலும், உள்ள இருந்தவங்களுக்குக் காது கேக்காது, உங்க வீட்டுப் பேச்சு எதுவும் வெளிய போகலன்னு சொல்லிக்கலாம்ல."

"அப்போ செவிடுதான் ஒனக்கு சர்டிபிகேட்டு ஏட்டி" என்றான் சங்கிலி.

"எனக்கு உதட்டப் பாத்தே பேச்சு புரியும்னு சொல்லிரவா?"

"வாய மூடு" என்றவன், அவள் கைகளைப் பார்த்துவிட்டு, "சரி, கைய மூடு" என்றான்.

மிஸ் சிரிக்கவில்லை. "விதி ஒண்ணே ஒண்ணுதான் கனி. அந்த வீட்டுல யார்கிட்டயும் எழுதிக் காட்டக் கூடாது, சைகை காட்டக் கூடாது. நீ இருக்கேன்னு தெரிஞ்சா உன்ன மட்டும் அனுப்ப மாட்டாங்க. மொத்த பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு மண்டபத்தப் பூட்டிருவாங்க."

வீட்டுக்கு என்றால் கனிக்குத் தீப்பெட்டி ஆபீஸ். சங்கிலிக்குக் கட்டில். இருவரும் டீயைக் குடித்தார்கள்.

ஆவணி மாதம் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வீடு கொடுத்தார்கள். பீளமேட்டில் மூன்றாவது மாடி. வீட்டுக்காரி தமயந்தி, ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெண்களுக்கென்றே கார் ஓட்டும் பள்ளி நடத்துகிறவள். அத்தனை வருஷம் கத்துக்குட்டிகளோடு ரோட்டில் போய் ஒரு கீறல் படாதவள், சொந்தக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஓசூரில் இருக்கும் தம்பி இந்தத் துணையை வாடகைக்கு எடுத்து அனுப்பியிருந்தான்.

"வா ராசா" என்றது தமயந்தியின் உதடு, முதல் நாள். "பிரேக்கெல்லாம் இருக்குதா உனக்கு? கதவுல இடிச்ச, தோலை உரிச்சுப் போடுவேன்."

இடித்தாள். தமயந்தி கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினாள். "ரிவர்ஸ், ரிவர்ஸ்! ஏனுங்க, கண்ணாடியப் பாக்கறதில்லையா? இதுக்கு என்ற ஸ்டூடண்டுகளே தேவலை."

கோவில்பட்டி மணமேடையில் கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தவறு அதே வாரத்தில் நடந்தது. கேளாதவர்கள் வீட்டில் கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை. அறைக்குள் நுழைகிறவர்கள் சுவிட்சை ஒருதரம் அணைத்துப் போடுவார்கள். விளக்கு சிமிட்டினால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தும்வரை கனி இருந்த விடுதியில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். காது கேட்கிறவர்கள் கதவைத் தட்டும்போது எப்படி யோசிப்பதில்லையோ, அப்படி அவளும் யோசிப்பதில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு தமயந்தியின் அறை வாசலுக்குப் போனவள், இரும்பு விரலால் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தமயந்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலியில் முகம் கோணியது. ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். கஞ்சியை வாங்கவில்லை. அந்தக் கறுப்பு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே எடுத்தாள்.

"யார் நீ?"

வாய் அசையவில்லை. கை மட்டும்தான்.

சைகையில் ஒருவர் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, அவர்கள் உலகத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கனி அந்த உருண்டையைத் திருப்பிவிட்டால் தப்பித்துவிடலாம். இயந்திரம்தானே என்று அவளும் விட்டுவிடுவாள். மண்டபத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக்கூடக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. தமயந்தியின் கை இன்னும் காற்றில் கேள்வியாகவே நின்றது.

கனி கஞ்சிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். இடுப்பு உயரத்துக்கு மேலே கையைத் தூக்காமல், சின்னதாகச் சொன்னாள். "வேலைக்கு வந்தவ."

தமயந்தி அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். "எங்கப்பன் ஆத்தா ரெண்டு பேருக்குமே காது கேக்காது கண்ணு. நான் பேசக் கத்துக்கிட்டதே இந்தக் கையிலதான். ஆத்தா போன பின்னாடி இந்தக் கையில ஒருத்தர்கூடவும் பேசல. துருப்பிடிச்சுக் கிடக்குது."

துருப்பிடித்துத்தான் கிடந்தது. அவள் காட்டியதெல்லாம் அந்தக் காலத்துச் சைகை. காப்பிக்கு, கொட்டையை மிஷினில் வைத்து அரைக்கிற மாதிரி கையைச் சுற்றினாள். கனிக்குத் தையல் மிஷினா, கிணற்றுக் கப்பியா என்று புரியவில்லை. கனி டம்ளரில் ஆற்றிக் காட்ட, தமயந்தி, "அது என்ன, தண்ணிப் பந்தலா?" என்றாள். அன்றைக்குக் கஞ்சி ஆறி ஆடை கட்டிப்போனது.

கேளாதவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள், முகத்தையோ குணத்தையோ பார்த்து. தமயந்திக்கு அவள் அம்மா வைத்த பெயர், ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. கனியின் முகத்தைத் தமயந்தி பார்த்ததில்லை. அதனால் ஒற்றை விரலால் சுவிட்ச் போடுகிற மாதிரி காட்டி, "இனி இதுதான் உன்ற பேரு" என்றாள். "என்னை அக்கான்னு கூப்பிடு. ஆன்ட்டின்னா அடிப்பேன்."

அதிலிருந்து கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்தபிறகும் வீட்டுக்குப் போகாமல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எஸ்தர் மிஸ் நிமிர்ந்து பார்த்தாலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒருவேளை தெரிந்துவிட்டதோ, நாளைக்குப் பூட்டு தொங்குமோ. மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் விரல்கள் தாமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. "கைய சும்மா வையி" என்று அம்மா தட்டிவிட்டாள்.

இத்தனைக்கும் தமயந்தியிடம் அவள் அதிகம் பேசிவிடவில்லை. கனி கூச்சக்காரி. அதோடு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் பூட்டிய மண்டபம் தெரிந்தது. தமயந்திதான் பேசுவாள். பள்ளிக்கு வந்த பெண்கள், சுவரேறிக் குதித்த கார், தம்பி பெண்டாட்டியின் சாம்பார். கனியின் பதிலெல்லாம் "ஆமா", "இல்ல", "பாத்து", "சூடு" இவ்வளவுதான். எந்த ஊர், எந்த மண்டபம் என்று கேட்டபோது அதை மட்டும் சொல்லிவிட்டாள்.

"லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவளாட்டக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றயே. என்னைய ஏதாச்சும் கேளேன்" என்பாள் தமயந்தி.

கேட்க ஆயிரம் இருந்தது. ஏன் தனியாக இருக்கிறாய், இருட்டில் கண் விழித்து என்ன பார்க்கிறாய், நடந்து பழகும்போது எதற்காக உதட்டைக் கடிக்கிறாய். கனி போர்வையை மடிப்பாள்.

கேள்வியெல்லாம் சங்கிலியிடம்தான் போனது. கையுறையைக் கழற்றி மாட்ட இன்னொரு ஆள் உதவ வேண்டும் என்பதால் டீ நேரத்திலும் யாரும் கழற்றுவதில்லை. டீயைக்கூட உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடித்தார்கள். புரட்டாசி முடிகிற சமயம் சங்கிலி பேச்சைக் குறைத்துக்கொண்டான். குடோனில் அவன் நாள்தோறும் ஓட்டிய இயந்திரத்தை இரண்டு நாளாக அவனுக்குத் தரவில்லை.

"என்ன பயம் ஒனக்கு? சொல்லு" என்றாள் கனி. "தூங்குனியா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"திரும்பிப் போயிக் கட்டில்ல கெடக்கணுமேட்டி. விட்டத்த எண்ணிக்கிட்டு" என்றான். தாடை நடுங்கியது. அவன் அப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை.

அவள் கையுறையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விட்டாள். "நான் இருக்கேன்லா" என்றாள்.

அந்த வாரமே அவனுக்குச் சான்றிதழும் சால்வையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி வெற்றிகரமாக முடிந்ததாம். அண்ணன் ஆட்டோ கொண்டுவந்து தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

அடுத்து தன் முறை என்று கனி நினைத்தாள். எஸ்தர் மிஸ் அவளைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து உனக்குச் சேலத்துல ஒரு வீடு" என்றாள்.

"கோயம்புத்தூர்?"

"அங்க ஆள் வேண்டாம். துணை பழகிருச்சு. தானா செய்யுது."

"என்ன பழகிருச்சு?"

"கனி, நீங்க பயிற்சி எடுத்துக்கிட்டீங்கன்னு நீங்க நினைச்சீங்க. பயிற்சி எடுத்தது அது. உங்க கை ஒவ்வொரு நாளும் என்ன செஞ்சுச்சோ அத்தனையும் அது படிச்சுக்கிச்சு. இனி பத்து வீட்டுக்கு ஒரு ஆள் மேற்பார்வை பாத்தா போதும்." மிஸ்ஸின் கை நின்று, மறுபடி தொடங்கியது. "உன் கை மாதிரி யார் கையும் இல்லைன்னு மேல சொல்றாங்க. உன்ன அனுப்ப மாட்டாங்க. வீடு வீடா பழக்கிக் குடுக்கணும் நீ."

"ஒரு தடவ போயிட்டுச் சொல்லிட்டு வந்துரவா?"

"யார்கிட்ட?" என்று கேட்டாள் மிஸ். கனியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

சேலம், அப்புறம் திருச்சி, அப்புறம் ஆவடி. ஒவ்வொரு வீட்டிலும் அவள் பழக்கிக் கொடுத்து முடிக்கும்போது மேடையில் ஒரு நாற்காலி காலியானது. அதைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். தமயந்தியைப் பற்றித் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். துணைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும், சேலை மடிக்கத் தெரியும். சைகை எப்படித் தெரியும்? அக்கா ஏதாவது கேட்பாள், அது மரம் மாதிரி நிற்கும். உடனே தெரிந்துகொள்வாள், பெண் போய்விட்டாள் என்று. இரண்டு நாள் கோபப்படுவாள். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாள். பிறகு ஆறிவிடுவாள்.

இந்தச் சமாதானத்தோடுதான் மார்கழி போனது.

தை மாதம் ஒரு மத்தியானம். கனி ஆவடி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நாற்காலிக்கு அடியில் மரத்தரை அதிர்ந்தது. ஒருதரம், இன்னொருதரம். யாரோ தரையை மிதித்துக் கூப்பிடுகிறார்கள். காது கேட்கிறவர்கள் பொதுவாக அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாள்.

மேடை ஓரத்தில், ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் துணிப்பையுமாகத் தமயந்தி நின்றாள். பின்னால் வாட்ச்மேன் பதறிக்கொண்டு நின்றான். தமயந்தி பையைத் தரையில் போட்டு, ஊன்றுகோலை ஒரு நாற்காலியில் சாய்த்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து, ஒற்றை விரலால் சுவிட்ச் போட்டாள்.

கனி எழுந்து நின்றாள்.

"இத்தினியூண்டுதானா நீ!" என்றாள் தமயந்தி. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள், கட்டிக்கொண்டாள். கையுறை போட்ட கைகளோடு கனியும் கட்டிக்கொண்டாள். அம்மா அவளை அப்படிக் கட்டிக்கொண்டதாக நினைவில்லை.

"நானே ஓட்டிக்கிட்டு வந்தேன் அம்மிணி, நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்திட்டு. டாக்டர் கேட்டா கொன்னுபோடுவான்." தமயந்தியின் கைகள் படபடவென்று பேசின. துரு போயிருந்தது. புதுச் சைகைகளெல்லாம் இருந்தன. காப்பியைக்கூடக் கனி மாதிரியே ஆற்றிக் காட்டினாள். "தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன், ஓசூருக்கு வரமாட்டேன்னு. வீட்ட வித்துப்போட்டு அவங்கூடப் போயி ஒரு மூலையில இருக்கணுமாம். முடியாதுன்னுட்டேன். இனி எம்மூஞ்சியில முழிக்காதேன்னு கோவிச்சுக்கிட்டான். கோவிக்கட்டும். நீதான் அன்னைக்கே சொல்லிட்டயே."

"என்ன சொன்னேன்?"

"அதுக்குள்ள மறந்துட்டயா? நான் தனியா எப்படி இருக்கறதுன்னு அழுதப்ப, என்ற மணிக்கட்டப் புடிச்சு, விட்டு, நான் இருக்கேன்லான்னு சொன்னயே. அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு."

கனி சங்கிலியின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

தமயந்தி பேசிக்கொண்டே போனாள். காது கேளாத பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். இப்போது சட்டப்படி லைசென்ஸ் கிடைக்கிறதாம். "ஆபீஸ நீ பாத்துக்கோ. கம்ப்யூட்டர் தெரியும், சைகை தெரியும், வேற என்ன வேணும்? வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்குது. உன்ற ஆத்தாகிட்ட நான் பேசுறேன். எப்பக் கெளம்பலாம்?"

அதற்குள் எஸ்தர் மிஸ் ஓடி வந்துவிட்டாள். தமயந்தியை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, கனியை இழுத்துக்கொண்டு மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் அத அவங்ககிட்டச் சொல்லல மிஸ்" என்றாள் கனி. "சங்கிலிகிட்டச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"டீ நேரத்துலயும் கையுறை போட்டிருந்தீங்கல்ல. அது பதிவாகிட்டேதான் இருந்துச்சு. நெத்தியில தள்ளி வச்ச கண்ணாடியிலயும் கேமரா இருக்கு, எதிர்ல இருக்கிற முகத்தோட சேர்த்து." மிஸ் சுவரில் சாய்ந்தாள். "நீ அந்த வீட்டுல சைகை பேசினத ரெண்டாம் நாளே பாத்துட்டேன். மேல சொல்லல. சொன்னா மண்டபத்தப் பூட்டியிருப்பாங்க. மேல இருக்கிறவங்களுக்கு அது மொழின்னே தெரியாது கனி. விரல் அருமையா வேலை செய்யுதுன்னு கொண்டாடினாங்க."

"இப்ப அந்த மெஷின் சைகை பேசுதா?"

"பேசுது. பயந்த முகத்தப் பாத்தா ஒண்ணு, சிரிச்ச முகத்தப் பாத்தா ஒண்ணு. எல்லாம் நீ பேசினதுதான்."

"அர்த்தம் தெரியுமா அதுக்கு?"

"தெரியாது." மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. "ஆனா அவங்க அழுகை நின்னுச்சே."

கனி அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். மிஸ் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேளு. உனக்கு ஒரு வீடு கிடைக்குது, வேலை கிடைக்குது, உன்கூடப் பேசுற ஒரு மனுஷி கிடைக்கிறாங்க. இங்க மிச்சம் இருக்கிறவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆமா நான்தான்னு தலைய மட்டும் ஆட்டு. பொய் என்ன இருக்கு இதுல? கை உன்னோடது. வார்த்தை உன்னோடது."

அதுதான் கனியைப் பிடித்து உலுக்கியது. பொய் என்றால் சுலபமாகத் தள்ளியிருப்பாள். அவள் கைதான், அவள் வார்த்தைதான். தலையை ஆட்டினால் போதும், இன்று சாயங்காலமே கோயம்புத்தூர். நாளைக்குத் தமயந்தி, அன்று சொன்னாயே என்று ஏதாவது ஆரம்பிப்பாள். ஆமா என்பாள். மறுநாளும் ஆமா என்பாள். தான் இல்லாத நாட்களையெல்லாம் தான் இருந்ததாக, ஆயுசுக்கும்.

வெளியே வந்தாள். தமயந்தி காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கனியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

கனி வலது கையுறையின் வாரைப் பல்லால் இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. இரண்டையும் உரித்துப் போட்டபோது வேர்வையில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அக்கா, தீபாவளிக்கு முன்னாடியே என்னைய அங்கருந்து எடுத்துட்டாங்க. அதுக்குப் பெறகு வந்தது வெறும் மெஷின். உள்ள யாரும் இல்ல."

தமயந்தி சிரித்தாள். "போ புள்ள."

"நெசம்."

"நெதமும் பேசினயே."

"அது நான் இல்ல. என் கையப் பாத்துப் படிச்சுக்கிட்டது. அந்த வார்த்தையெல்லாம் நான் வேற ஒருத்தனுக்குச் சொன்னது. இங்க, டீ குடிக்கும்போது."

தமயந்தியின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. பிறகு எஸ்தர் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தரையைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

"தீபாவளிக்கு முன்னாடியா?" என்று மறுபடி கேட்டாள்.

"முன்னாடி."

"தீபாவளி அன்னைக்குத்தான் நீ மொதல்ல என்னைய ஒரு கேள்வி கேட்ட. என்ன பயம் ஒனக்கு, சொல்லுன்னு. அதுக்கு முன்ன நீ என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல." அவள் கை மிக மெதுவாகப் பேசியது. "நான் உன்கிட்ட எல்லாம் சொன்னது அதுக்கப்புறந்தான்."

"கேக்கணும்னு நெனச்சேன் அக்கா. தெனமும் நெனச்சேன்."

"நெனச்ச."

"பூட்டிருவாங்கன்னு பயம்."

தமயந்தி தலையை ஆட்டினாள். புரிந்தது என்றா, போதும் என்றா, தெரியவில்லை.

"இப்பக் கேக்குறேன். என்கிட்டச் சொல்லுங்க. என்ன சொன்னீங்களோ, மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க." கனியின் விரல்கள் ஒன்றோடொன்று மோதின. "நான் வாரேன் உங்ககூட. நெசமா நானே வாரேன்."

தமயந்தி அவள் வலது கையை எடுத்து, உள்ளங்கை மேலாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். புது வண்டி வாங்குகிறவள் டயரை அழுத்திப் பார்க்கிற மாதிரி இல்லை. ஆற்றில் எதையோ தொலைத்தவள் மணலைத் துழாவுகிற மாதிரி. சுண்டுவிரல் வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையை, சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, கனியின் இடுப்பருகே பத்திரமாகக் கொண்டுவந்து விட்டாள்.

ஊன்றுகோலை எடுத்தாள். வாட்ச்மேன் குனிந்து பையைத் தூக்கப் போனான். அவனுக்கு முன்னால் அவளே குனிந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டாள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் பை. பேசுவதற்குக் கை எதுவும் மிச்சமில்லை.

கனி தரையை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். மரத்தரை அதிர்ந்தது, காலி நாற்காலிகள் ஆடின. தமயந்தி மேடையோரம், பந்தி நடக்கிற கூடம், செருப்பு விடுகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.